2033-க்குள் டெல்டாவை நாம் அளந்து வைத்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாசனத்திற்காக மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி என்பதைச் செய்தித்தாள்கள் நாள்தோறும் வெளியிடுகின்றன. காவிரி டெல்டா உழவர்கள் அந்த இரண்டு எண்களையும் பார்த்துத்தான் குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். ஆனால் எங்கள் கால்களுக்குக் கீழே இருக்கும் நீரின் மட்டம் எவ்வளவு, அது எந்த அளவுக்கு உவர்ப்பேறியிருக்கிறது என்ற எண், ஊரில் எவரும் பார்க்கும்படி எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. நமக்கு வரவேண்டிய ஆற்று நீரில் ஒரு பகுதி அந்த நிலத்தடி நீரின் பெயரால் ஏற்கெனவே குறைக்கப்பட்டுவிட்டது என்பதை நினைக்கும்போது, இந்த மௌனம் சாதாரணமானதாக எனக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம்.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பின்படி, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டிற்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் தரவேண்டிய நீர் 192 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. குறைக்கப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்காக என்பது பலருக்கும் நினைவிருக்கும். மீதி 10 டி.எம்.சி. எதற்காக என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது, அதில் 10 டி.எம்.சி.யைப் பாதுகாப்பாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும், எனவே அதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே நீதிமன்றம் கூறிய காரணம். தீர்ப்பின் நியாயத்தை மீண்டும் விவாதிப்பது என் நோக்கம் அன்று. அந்த ஒதுக்கீடு 15 ஆண்டுகளுக்கு நீடிக்கும் என்றும் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்படியானால் 2033-ஐ ஒட்டி இந்தக் கணக்கு மறுபடியும் எடுக்கப்படக்கூடும். அன்றைக்கு நம் பக்கத்திலிருந்து எடுத்துவைக்க, டெல்டாவின் நிலத்தடி நீரைப் பற்றிய தொடர்ச்சியான, எவராலும் மறுக்க முடியாத, ஊர்வாரியான அளவீடு நம்மிடம் இருக்குமா என்பதே என் கேள்வி.

கடலோர நிலத்தடி நீரை, எவ்வளவு இருக்கிறது என்று கன அடியில் மட்டும் கணக்கிட்டுவிட முடியாது. இது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பாவின் வடகடல் கரையோரத்தில் அறிவியலாளர்கள் கண்டறிந்து விளக்கிய செய்தி. நன்னீரைவிடக் கடல்நீர் சற்றே கனமானது. ஆகவே கடலோர மண்ணுக்குள் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயுமாக நிற்கின்றன. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே அந்த ஓரடி குறைந்தால், கீழே உப்புநீர் 40 அடி ஏறிவருவதற்கு இடம் உண்டாகிறது. டெல்டாவின் மண்ணில் களிமண் அடுக்குகளும் மணல் அடுக்குகளும் மாறி மாறி வருவதால் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தாது. சில இடங்களில் களிமண் அடுக்கு நன்னீரைக் காப்பாற்றும், சில இடங்களில் பக்கவாட்டிலிருந்து உப்பு நுழைந்துவிடும். எந்த ஊரில் எது நடக்கிறது என்பதை ஊர் ஊராக அளந்துதான் அறிய முடியும். ஆனால் அடிப்படை உண்மை மாறுவதில்லை: மேட்டூரில் 10 டி.எம்.சி. எடுத்தால் அணையில் அவ்வளவு நீர் குறையும், அதோடு முடிந்தது. வேதாரண்யத்திலோ தலைஞாயிற்றிலோ சீர்காழிக்குக் கிழக்கிலோ ஆழ்துளைக் கிணற்றால் நீரை இறைத்தால், எடுத்த நீர் குறைவதோடு எஞ்சியிருக்கும் நீரும் கெட்டுப்போகக்கூடும். உப்பு ஏறிய ஒரு மணல் அடுக்கு மீண்டும் நன்னீராக எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.

நிலத்தடி நீரை மத்திய, மாநில நிலத்தடி நீர் அமைப்புகள் அளக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிர்க்கா வாரியான மதிப்பீடு வெளிவருகிறது, அதில் உவர்நீர்ப் பகுதி என்ற தனி வகையும் இருக்கிறது. ஆனால் ஒரு பிர்க்காவில் பல வருவாய்க் கிராமங்கள் அடங்குகின்றன. அதன் மேற்குக் கோடியில் உள்ள கிணற்றில் குடிக்கத்தக்க நீரும் கிழக்குக் கோடியில் உள்ள கிணற்றில் வாயில் வைக்க முடியாத நீரும் இருப்பதைக் கடலோரத்தில் வாழ்பவர்கள் அறிவார்கள். மாநிலத் திட்டமிடலுக்குப் போதுமான அளவீடு, குறுவைக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பலாமா என்று கேட்கும் உழவருக்குப் போதாது.

நீரோடு நிலமும் மாறிக்கொண்டிருக்கிறது. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உருவான பூமி. ஆண்டுதோறும் புதிய வண்டல் வந்து சேர்ந்தால்தான் தன் உயரத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். 1930-களில் கிருஷ்ணராஜ சாகரும் மேட்டூரும், பிறகு கபினியும் ஹேமாவதியும் கட்டப்பட்டதிலிருந்து அந்த வண்டலில் பெரும்பகுதி அணைகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணைகள் வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. மேட்டூர் இல்லாமல் இன்றைய டெல்டா வேளாண்மையே இல்லை. ஆனால் அணையால் பெறுவதோடு இழப்பதையும் அளந்தாக வேண்டும். ஆற்று மணலை அளவுக்கு மீறி அள்ளியதால் ஆற்றின் அடிமட்டம் தாழ்ந்து, முகத்துவாரத்திலிருந்து கடல்நீர் உள்ளே வருவது எளிதாகியிருக்கிறது. கொள்ளிடக் கரையோர ஊர்களில் இதைப் பற்றிக் கவலைப்படாதவர் இல்லை. இன்னொரு பக்கம் கடலும் உயர்கிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையிலான குழு, உலகின் சராசரிக் கடல்மட்டம் 1901-லிருந்து 2018-க்குள் 20 செ.மீ. உயர்ந்ததாகவும், 2006-லிருந்து 2018 வரையான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகத்தில் உயர்ந்ததாகவும் கணித்திருக்கிறது. மலைப்பாங்கான கரைக்கு இது சிறிய எண்ணாக இருக்கலாம். கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில் வயல்கள் கிடக்கும் எங்கள் கடைமடையில், மழைக்காலத்தில் வடிகால் வடியுமா வடியாதா என்பதை அந்தச் சில சென்டிமீட்டர்களே தீர்மானிக்கின்றன. காவிரியின் கிளையான வெண்ணாற்றின் உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வாய்க்கால்களும் நீரைத் தடுத்துத் திறந்துவிடும் கடைமடை இயக்கு அணைகளும் சீரமைக்கப்பட்டிருப்பது நல்ல பணி. அந்தக் கட்டுமானங்களுக்கு முன்பும் பின்பும் அப்பகுதியின் நீரில் உப்பின் அளவு எவ்வளவு என்பதை மக்களுக்குத் தெரிவித்திருந்தால், அவற்றின் பயனை எங்களால் உணர மட்டுமின்றி எடுத்துச் சொல்லவும் முடிந்திருக்கும்.

நிலம், உணவு, காலநிலை ஆகிய மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்று மேற்சொன்ன குழு 2019 ஆகஸ்டில் ஒரு சிறப்பு அறிக்கை வெளியிட்டது. 52 நாடுகளைச் சேர்ந்த 107 அறிவியலாளர்கள் அதை எழுதினார்கள். அந்தக் குழுவின் அறிக்கைகளில் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தது அதுவே முதல்முறை. பனி மூடாத நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மனிதச் செயல்களால் சீர்கெட்டிருக்கிறது என்றும், உலக நன்னீர்ப் பயன்பாட்டில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்கிறது என்றும், விளைவிக்கும் உணவில் 25 முதல் 30 விழுக்காடு வீணாகிறது என்றும் அது கூறுகிறது. இந்த எண்களைவிட என்னைக் கவர்ந்தது அந்த அறிக்கை வலியுறுத்தும் தொடர்புதான். சீர்கெட்ட மண் குறைவாக விளைகிறது; குறைவாக விளைவதை ஈடுகட்ட மேலும் நிலமும் நீரும் எடுக்கப்படுகின்றன; வெப்பம் கூடும்போது அந்த நிலம் மேலும் சீர்கெடுகிறது. இந்தச் சுற்றில் ஒரு கண்ணியை மட்டும் பிடித்து இழுத்தால் மற்றொன்று இறுகிவிடும்.

டெல்டாவில் அண்மைக்காலத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டி, நட்ட சம்பா நீரில் மூழ்கியது. தப்பிப் பிழைத்த பயிர் அறுவடைக்கு நின்றபோது 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிய மழை பெய்து கதிர்கள் சாய்ந்தன. அதே ஆண்டு ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கப்பட்டும், தென்மேற்குப் பருவமழை பொய்த்ததால் அக்டோபர் 10-இல் மூட வேண்டியதாயிற்று. கடைமடையில் குறுவை கருகியது. 2024-இல் ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவே இல்லை. ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் வெள்ளம், அறுவடை மழை, வறட்சி, தாமதம் ஆகிய நான்கும் ஒரே உழவரின் தலையில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் நிவாரணம் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. நிவாரணம் தேவைதான், அதைக் கொடுத்த அரசுகளுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஆற்று நீர் நின்றுபோன ஒவ்வொரு முறையும் உழவர் நிலத்தடி நீரிடம் ஓடுகிறார் என்பதையும், அப்படி ஓடிய ஒவ்வொரு பருவத்திலும் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதையும் நிவாரணத் தொகை சரிசெய்துவிடாது.

உணவைப் பொறுத்தவரை, எங்கள் வருமானத்தை முடிவு செய்வதே ஓர் அறிவியல் கருவிதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி 17 விழுக்காட்டிற்கு மேல் காட்டினால் நெல் திருப்பி அனுப்பப்படும். அதற்கு மேல் ஈரம் இருந்தால் நெல் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அந்த வரம்பில் காரணம் இருக்கிறது. ஆனால் மழை பெய்யும் ஆண்டுகளில் மத்தியக் குழு வந்து பார்த்து 19 அல்லது 20 விழுக்காடு வரை தளர்வு அளிப்பதற்குள் நெல் சாலையோரத்தில் முளைத்துவிடுகிறது. அறுவடைக்காலத்தில் டெல்டாவின் காற்றில் எவ்வளவு ஈரப்பதம் இருக்கும், களத்தில் நெல் காய எத்தனை நாளாகும் என்பதெல்லாம் முன்கூட்டியே கணிக்கத்தக்கவை. தளர்வை ஆண்டுதோறும் கேட்டுப் பெறும் சலுகையாக வைக்காமல், வானிலைப் பதிவின் அடிப்படையில் தானாக நடைமுறைக்கு வரும் விதியாக ஆக்கினால் என்ன? தளர்வு பெற்ற நெல்லை உலர்த்தும் இயந்திரம் நிலையத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இல்லாவிட்டால் அந்த நட்டம் ரேஷன் அரிசி வாங்குபவர் மேல் போய் விழும்.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது பகல் வெயிலையே நாம் குறிப்பிடுகிறோம். நெல்லுக்கு இரவின் வெப்பமும் முக்கியம். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரை தொகுத்த பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததை 2004-இல் வெளியிட்டார்கள். உரம், நீர், மருந்து எதிலும் குறை வைக்காமல் பயிர் செய்தும் மகசூல் ஏன் இறங்குகிறது என்று திகைக்கும் உழவர், தன் பகுதியின் இரவு வெப்பப் பதிவைப் பார்க்க வழி இருக்க வேண்டாமா?

மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டபோது நான் மனமார வரவேற்றேன். இன்றும் அதன் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு, அதாவது ஆறு ஏக்கருக்கும் சற்று மேலான பரப்புக்கு, ஒரு மண் மாதிரி என்பதுதான் அதன் விதி. ஓர் ஏக்கரும் ஒன்றரை ஏக்கருமாக வைத்திருக்கும் எங்கள் ஊரில், நான்கைந்து பேரின் வயலுக்கு ஒரே முடிவு அட்டையில் அச்சாகி வருகிறது. உப்புத்தன்மை ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்கே மாறக்கூடிய கடலோர நிலத்திற்கு இது பொருந்தாது. மண்ணின் உப்பு ஓர் எல்லைக்கு மேல், அதாவது உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டிய பிறகு, ஒவ்வோர் அலகு கூடும்போதும் நெல்லின் விளைச்சல் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைகிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட கணக்கு. இந்த ஓர் அளவைத் துல்லியமாகச் சொன்னாலே, எந்த வயலில் ஜிப்சம் இட்டு நீர் கட்டி உப்பை வடிக்க வேண்டும், எதில் பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழ வேண்டும், எதில் நெல்லை விட்டுவிட்டு வேறு பயிருக்குப் போக வேண்டும் என்பதை உழவர் தாமே முடிவு செய்துகொள்வார். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் உப்பேறிய வயல்களை மீட்டது இந்த முறைகளால்தான்.

அறிவியல் என்றாலே நம் மண்ணுக்கும் மரபுக்கும் எதிரானது என்று எண்ணும் நண்பர்கள் டெல்டாவில் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தில் உண்மை இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. அது பட்டினியைத் தணித்தது. மண்ணையும் களைப்படையச் செய்தது. ஆனால் அந்த ஆபத்தை முதலில் எச்சரித்தவர்களில் கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதனே முன்னால் நிற்கிறார். 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், மண்ணின் வளத்தைக் காக்காத தீவிர சாகுபடி, வடிகால் இல்லாத பாசனம், கணக்கின்றி நிலத்தடி நீரை இறைத்தல் ஆகியவை பேரழிவில் முடியும் என்று அவர் கூறினார். பசுமைப் புரட்சி அறுவடைக்கு வந்துகொண்டிருந்த நாள்களிலேயே சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. விதைகளை நாடு ஏற்றுக்கொண்டது, எச்சரிக்கையை ஏற்கவில்லை.

மரபுக்கும் ஆய்வகத்திற்கும் பகை இல்லை என்பதற்கு, இன்று டெல்டாவிலேயே விளையும் ஒரு நெல் சான்றாக இருக்கிறது. ஒடிசாவின் உழவர்கள் வெள்ளத்தில் தாக்குப்பிடிக்கும் ஒரு நெல்லைத் தலைமுறைகளாகக் காத்து வந்தார்கள். எஃப்.ஆர்.13ஏ என்று பெயரிடப்பட்ட அந்த வகையிலிருந்துதான், நீரில் மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் உயிரைப் பிடித்து வைக்கும் மரபணுவை 2006-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதைக் கலப்பின முறையில் நம்மூர் சி.ஆர்.1009-இல், அதாவது உழவர்கள் பொன்மணி என்று அழைக்கும் நெல்லில் சேர்த்து உருவானதுதான் சி.ஆர்.1009 சப்-1. உழவர் காத்த விதையும் ஆய்வாளரின் உழைப்பும் சேர்ந்ததால் அது கிடைத்தது. நாகைக் கரையோரத்தில் உவர் நிலத்திற்கென்று குழியடிச்சான் என்ற பாரம்பரிய நெல்லை விடாமல் வைத்திருந்தவர்களும், அழிந்துபோக இருந்த பாரம்பரிய நெல் வகைகளைத் தேடித் தொகுத்த மறைந்த நெல் ஜெயராமனும் செய்ததும் அதே வகைப் பணிதான். குழியடிச்சானை எந்த உப்பளவு வரை நம்பலாம், மகசூல் எவ்வளவு குறையும் என்பதை அந்தந்த ஊர் மண்ணிலேயே சோதித்துச் சொல்லும் பொறுப்பை 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடைபெறும் ஆடுதுறை நிலையம் எடுத்துக்கொண்டால், எங்களில் பலர் வயலைத் தரத் தயாராக இருக்கிறோம்.

நீர் நின்ற வயலிலிருந்து மீத்தேன் வெளியேறி வெப்பத்தைக் கூட்டுகிறது என்று நெல் உழவர் மீது குற்றம் சாட்டும் பேச்சும் இப்போது கேட்கிறது. மீத்தேன் வெளியேறுவது உண்மை. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. ஆனால் உலகைச் சூடாக்கியதில் பெரும்பங்கு நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் உரியது என்பதை மறைத்துவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. தீர்வும் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் முன்னோர் சொன்ன முறையில், துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர் மண்மட்டத்திற்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால், மகசூல் குறையாமல் நீரும் மிச்சமாகும், மீத்தேனும் குறையும். ஆனால் முறை வைத்து நீர் விடும் முறைப்பாசனத்தில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத கடைமடை உழவர், வந்த அன்றே வரப்பு நிறையக் கட்டத்தான் செய்வார். முறை நாளை உறுதியாகச் சொல்லாமல் குழாயை மட்டும் கொடுப்பதால் பயனில்லை.

2020-இல் நிறைவேற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், நீண்ட போராட்டத்திற்குப் பின் கிடைத்தது. எண்ணெய், எரிவாயு போன்ற ஹைட்ரோகார்பன்களைத் தோண்டுவதிலிருந்து டெல்டாவின் நிலத்தைக் காக்க அது உதவுகிறது. பக்கவாட்டில் நுழையும் கடலை அந்தச் சட்டத்தால் தடுக்க முடியாது. அதற்கு நான் கேட்பது பெரும் செலவு பிடிக்கும் திட்டம் அன்று. கடற்கரையிலிருந்து உள்நோக்கி அமைந்த ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும், ஆழம் குறைந்ததாக ஒன்றும் ஆழமானதாக ஒன்றுமாக இரண்டு கண்காணிப்புக் கிணறுகளை அரசு நிலையாகக் குறித்து வைக்க வேண்டும். மேட்டூர் திறக்கும் முன்பும், வடகிழக்குப் பருவமழை முடிந்த பின்பும் அவற்றின் நீர்மட்டத்தையும் உப்பளவையும் அளந்து, ஊராட்சி அலுவலகத்திலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். உப்பை அளக்கும் கையடக்கக் கருவி மேல்நிலைப் பள்ளி மாணவர்களே கையாளக்கூடியது. ஊர் இளைஞர்களை இதில் ஈடுபடுத்தலாம். ஆனால் அளவீட்டைச் சரிபார்க்கும் பொறுப்பு வேளாண் பல்கலைக்கழகத்திடமோ நிலத்தடி நீர்த் துறையிடமோ இருக்க வேண்டும். அப்போதுதான் நீதிமன்றத்தில் அந்த எண்களுக்கு மதிப்பு உண்டு. ஓரிரு ஆண்டு எண்கள் எதையும் நிறுவ மாட்டா. மழை மிகுந்த ஆண்டையும் வறண்ட ஆண்டையும் சேர்த்துப் பார்க்க ஏழெட்டு ஆண்டுப் பதிவாவது தேவை.

2033-இலிருந்து பின்னோக்கி எண்ணினால், முதல் அளவீட்டை வரும் குறுவைக்கு முன்பே எடுக்கத் தொடங்க வேண்டும். வரவிருக்கும் வேளாண் நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறேன். மேட்டூரின் நீர்மட்டத்தை வெளியிடும் இடத்திலேயே, கிடைக்கத் தொடங்கியதும், கடலோரக் கிராமங்களின் நிலத்தடி நீர் அளவையும் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டெல்டா உழவர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.